நாய்க்கு இல்லாத கரை

பாய்ப்படகையே வீடாக்கி, வளர்ப்பு நாயையும் ஏற்றிக்கொண்டு உலகம் சுற்றுகிறவர்களுக்கு நடுக்கடலில் வராத தொல்லை திருகோணமலையில் நங்கூரம் போட்டதும் வருகிறது. அந்தத் தொல்லையின் ஒரு நுனி, கடலே இல்லாத வில்கமுவவில் இருக்கிறது.

2023 யூலை 18. மெக்சிக்கோவின் பசுபிக் கரையில் மன்சனில்லோ துறைமுகம். சூரை பிடிக்கும் ‘மரியா டெலியா’ கப்பல் வந்து அணைகிறது. நீண்ட தாடியும் தொப்பியுமாக ஒரு மெலிந்த மனிதர் இறங்குகிறார். சிட்னிக்காரர், பெயர் டிம் ஷடொக். ஏப்ரலில் லா பாஸ் நகரிலிருந்து பிரெஞ்சு பொலினீசியாவை நோக்கிப் பாய் விரித்தவர். சில வாரங்களிலேயே புயல் அடித்துப் படகின் மின்கருவிகளைச் சாகடித்துவிட்டது. சமைக்க வழியில்லை. பச்சை மீனும் மழைத்தண்ணீரும்தான் சாப்பாடு. கரையிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீற்றர் தள்ளி, மீன் கூட்டம் தேடிப் பறந்த ஹெலிகொப்டர் ஒன்று அவருடைய படகைக் கண்டது.

படகில் அவரோடு பெலா என்ற நாயும் இருந்தது. மெக்சிக்கோவில் தெருவில் திரிந்து, இவர் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்ட நாய். மூன்று தடவை அதற்கு ஒரு வீடு பார்த்துக் கொடுக்க முயன்றும் அது விடவில்லை, படகுவரை தொடர்ந்து வந்தது என்று அவரே செய்தியாளர்களிடம் சொன்னார். தன்னைவிடத் தைரியசாலி என்றும் புகழ்ந்தார். பிறகு கப்பலின் பணியாளர் ஒருவரிடம், நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு நாயை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார்.

மூன்று மாதம் கடல் பிரிக்காத இருவர் கரைக்கு வந்த கையோடு பிரிந்தார்கள். அவர் மனத்தில் என்ன காரணம் இருந்ததோ தெரியாது. கூட்டிப்போக விரும்பியிருந்தாலும் மெக்சிக்கோவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு நேராக ஒரு நாயைக் கொண்டுபோக முடியாது. அங்கீகரித்த நாடுகள் என்று அவுஸ்திரேலியா ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் மெக்சிக்கோ இல்லை. இந்தியா இல்லை. இலங்கையும் இல்லை.

ஆற்றின் மேல்முனையில்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வஸ்கமுவ தேசியப் பூங்காவுக்குத் தெற்கே கிடக்கிறது வில்கமுவ. இங்கே படகு என்றால் குளத்து வள்ளம், நாய் என்றால் காவல். இரவில் வேலிக்கு வெளியே யானையின் மணத்தை முதலில் பிடிப்பது அதுதான். நாய் குரைக்கும் விதத்தை வைத்தே வந்திருப்பது ஆளா, பன்றியா, யானையா என்று சொல்லிவிடும் வீட்டுக்காரர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து பாய்ப்படகு நாயைப் பற்றி எழுதுவது ஊருக்குப் பொருந்தாத வேலையாகத் தோன்றலாம்.

ஆனால் இவ்வூரை ஒட்டி ஓடும் மகாவலி வடக்கே இறங்கி, மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. அந்தக் குடாவின் வடகரையில்தான் திருகோணமலைத் துறைமுகம். 1659இல் சோழமண்டலக் கரையில் புயலில் சிக்கிய ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், ஒடிந்த பாய்மரத்தைச் சரிசெய்ய இந்தக் குடாவுக்குத்தான் வந்தது. கரையிறங்கியவர்களைக் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தலைவரின் மகன் ரொபர்ட் நொக்ஸ் 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பியோடும்வரை ஏறத்தாழ இருபது வருடம் இந்நாட்டில் கைதியாக இருந்தார். பாய்மரம் பழுதுபார்க்க இறங்கியதற்கு இவ்வளவு விலை கொடுத்த மாலுமி உலகத்தில் வேறு யாரும் இருப்பார்களா என்று தெரியவில்லை.

இன்று அதே திருகோணமலைக்கும் தெற்கே காலிக்கும் வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் வருகின்றன. தாய்லாந்தின் புக்கெட், மலேசியாவின் லங்காவி பக்கமிருந்து வாடைக்காற்றில் பாய் விரித்தால் ஏறத்தாழ 1,100 கடல் மைல். பெரும்பாலான படகுகளுக்கு ஒன்பது பத்து நாள் ஓட்டம். வருகிறவர்களில் பலர் ஓய்வுபெற்ற தம்பதிகள். வீட்டை விற்றுப் படகு வாங்கியவர்களும் இருக்கிறார்கள். சிலருடைய படகில் நாயும் இருக்கிறது.

பாய்க்கப்பல் வாழ்வு நமக்கு அந்நியமும் இல்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’, அமெரிக்கர் ஒருவர் வாங்கி ‘ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று பெயர் மாற்றியபின், நம் மாலுமிகளின் கையாலேயே ஓட்டப்பட்டு 1938இல் மசசூசெட்சின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அந்தத் தண்டையல்கள் பிழைப்புக்காகக் கடலோடியவர்கள். இப்போது வருகிறவர்கள் ஆசைக்காகக் கடலில் குடியிருப்பவர்கள்.

பத்து நாள், ஒரு பாய்த்துண்டு

நாயோடு படகேறுகிறவரை முதலில் வாட்டுவது புயலோ சுறாவோ அல்ல. நாய் எங்கே ஒன்றுக்கு இருக்கும் என்பதுதான்.

வீட்டுக்குள் அசுத்தம் செய்யக் கூடாது என்று குட்டியிலிருந்தே பழக்கிய நாய், படகையும் வீடாகத்தான் நினைக்கும். ஒரு நாள் முழுக்க, சில வேளை அதற்கும் மேலே அடக்கிக்கொண்டு, பரிதாபமாகப் பார்த்தபடி நிற்கும். அதனால் பயணம் தொடங்குவதற்கு வாரங்கள் முன்பே அணியத்தில் செயற்கைப் புல் துண்டு ஒன்றையோ தும்புக் கால்மிதி ஒன்றையோ போட்டு, கரையில் நாய் ஏற்கெனவே நனைத்த மணத்தை அதில் ஏற்றிப் பழக்குகிறார்கள். மிதியின் மூலையில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டியிருக்கும். காரியம் முடிந்ததும் கடலில் எறிந்து அலசி இழுத்துக்கொள்ளலாம். நாய் முதன்முதலாக அந்தப் பாயில் போகிற நாளை, குழந்தை முதலடி வைத்ததைப்போல் நாட்குறிப்பில் எழுதி வைப்பவர்கள் உண்டாம். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள், பத்து நாள் கரையில்லாமல் போகும் படகை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கட்டும்.

அடுத்தது தண்ணீர். இருபது கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே ஒரு லீற்றருக்குக் குறையாமல் வேண்டும். வெயிலில் இன்னும் கூடும். தாகம் மிஞ்சிக் கடல்நீரை நக்கத் தொடங்கினால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். அளவு மீறினால் உடலின் உப்புச் சமநிலை குலைந்து உயிருக்கே ஆபத்து. வெயிலோ கொடியது. தளம் சூடேறினால் நாயின் பாதம் வெந்துபோகும். நாய்க்கு மனிதரைப்போல் மேலெல்லாம் வியர்க்காது; மூச்சு வாங்கித்தான் சூட்டைக் கக்க வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் திருகோணமலையில் நிழலில்லாத தளத்தில் கட்டிவைத்த நாய் மத்தியானத்தைத் தாண்டுவதே பெரிய காரியம்.

இரவோட்டத்தில் பறக்கும் மீன்கள் தளத்தில் வந்து விழும். விடியும்போது நாய்க்கு விருந்து. ஆனால் தூண்டிலில் வந்து தளத்தில் கிடக்கும் பேத்தை மீனை அது கவ்வினால் நஞ்சு. கடல் கொந்தளித்தால் நாய்க்கும் தலைசுற்றும். எச்சில் ஒழுகும், மூலையில் சுருண்டுவிடும். ஏணிப்படியில் இறங்கத் தெரியாத நாயை ஆட்டத்தில் தூக்கி இறக்குவது இன்னொரு வித்தை. கிழட்டு நாய், முப்பது கிலோ என்றால் தூக்குகிறவர் முதுகும் கணக்கில் வரும்.

இத்தனைக்கும் நாய்கள் பழகிவிடுகின்றன. டொல்பினைக் கண்டு குரைக்கின்றன, இரவில் எசமானரின் காவல் முறைக்குத் துணையிருக்கின்றன, நங்கூரமிட்ட இடத்தில் அயல் வள்ளம் நெருங்கினால் முதல் குரல் அவற்றுடையது. வில்கமுவ நாய் யானைக்குச் செய்கிற அதே வேலை. 2017 ஒக்டோபரில் அமெரிக்கக் கடற்படையின் ‘ஆஷ்லண்ட்’ கப்பல், யப்பானுக்குத் தென்கிழக்கே மிதந்துகொண்டிருந்த பாய்ப்படகொன்றிலிருந்து இரண்டு பெண்களையும் சியூஸ், வலன்டைன் என்ற இரண்டு நாய்களையும் மீட்டது. ஹவாயிலிருந்து மே மாதம் புறப்பட்டவர்கள். அவர்கள் சொன்ன புயல் கதையில் ஓட்டை இருப்பதாக ஊடகங்கள் பிறகு கிண்டிக் கிளறின. ஐந்து மாதத்துக்கு மேல் கடலில் இருந்தும் நாய்கள் இரண்டும் உயிரோடு வந்ததில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

---
பெட்டிச் செய்தி: படகுநாயின் உடைமைகள்

• முதுகில் கைப்பிடி வைத்த மிதவை அங்கி. கடலில் விழுந்த நாயைக் கொக்கிக் கழியால் தூக்க அந்தக் கைப்பிடிதான் உதவும்.
• படகின் ஓரக் கம்பிகளைச் சுற்றி வலை. சிறிய நாய்க்கு இது கட்டாயம்.
• மார்புப் பட்டியும் கட்டுக்கயிறும். இரவில் தளத்துக்கு வந்தால் கட்டாமல் விடுவதில்லை.
• தோலுக்கடியில் பதித்த நுண்சில்லு. பெரும்பாலான நாடுகளில் இது இல்லாமல் தடுப்பூசிச் சான்றுக்கு மதிப்பில்லை.
• விசர்நோய்த் தடுப்பூசி அட்டை, இரத்தச் சோதனை முடிவு. மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாத எதிர்ப்புச்சக்தி இருக்க வேண்டும்.
• உண்ணி, இதயப்புழு, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான மருந்தும் ஊசியும். வெப்பநாட்டுத் துறைமுகங்களில் இம்மூன்றும் காத்திருக்கும்.
---

மஞ்சள் கொடி ஏறியபின்

வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றுக்குள் நுழையும் படகு மஞ்சள் கொடி ஏற்றும். படகில் நோயில்லை, உள்ளே வர அனுமதி தாருங்கள் என்பது அதன் பொருள். இலங்கையில் முகவர் ஒருவரை வைத்துத்தான் இந்தக் காரியம் நடக்கும். கடற்படை, சுங்கம், குடிவரவு, சுகாதாரம் என்று ஒவ்வொருவராக வருவார்கள்; தாள்களில் முத்திரை விழும். போர்க்காலத்தில் இதைவிடக் கடினம். காலித் துறைமுகத்தின் வாயை இரவில் அடைத்து, நீரடி நீச்சல்காரரை விரட்டக் கடற்படை நீருக்குள் வெடி போட்டுக்கொண்டிருந்த காலம் அது. 2006 ஒக்டோபரில் அந்தத் துறைமுகமே தாக்கப்பட்டது. வெடிச்சத்தம் படகின் அடிப்பலகையில் வந்து அறையும்போது உள்ளே படுத்திருக்கும் நாய்க்கு எப்படி இருந்திருக்கும் என்பதைத் தீபாவளி இரவில் நாய் வளர்க்கிறவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இப்போது வெடியில்லை. மனிதர்கள் முத்திரை வாங்கிக்கொண்டு இறங்கிப்போய் அப்பம் சாப்பிடலாம், கோணேசர் கோயில் பார்க்கலாம். நாய் இறங்க வேண்டுமென்றால் கதை வேறு. வெளிநாட்டு நாய் இந்நாட்டு மண்ணில் கால் வைப்பது இறக்குமதி. அதற்குக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். தடுப்பூசிச் சான்றும் அரச கால்நடை வைத்தியரின் உடல்நலச் சான்றும் வேண்டும். பத்து நாள் கடலில் வந்தவரிடம் புறப்பட்ட துறைமுகத்துத் தாள்கள் இருந்தாலும் அவற்றின் கெடு தாண்டியிருக்கக்கூடும். ஆகவே பலர் நாயைப் படகிலேயே விட்டுவிட்டு, முறைவைத்துக் கரைக்குப் போய்வருகிறார்கள். ஒருவர் சந்தைக்குப் போனால் மற்றவர் நாய்க்குக் காவல். சீகிரியாவுக்கோ கண்டிக்கோ சேர்ந்து போகிற பேச்சே இல்லை.

இதைப் படிக்கும் நாய்ப் பிரியர்கள் திணைக்களத்தைத் திட்டப் பார்ப்பார்கள். அவசரப்பட வேண்டாம். படகில் வந்த நாய் என்ன செய்யும் என்பதற்குக் கிழக்கே சில தீவுகள் சாட்சி.

ஃபுளோரஸ் படித்த பாடம்

இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் 1997 வரை விசர்நாய் என்ற பேச்சே இருக்கவில்லை. அந்த வருடம் சுலவேசியை ஒட்டிய புட்டோன் தீவிலிருந்து படகில் வந்த சில நாய்களோடு நோய் கரையேறியது. கிழக்கு இந்தோனேசிய மீனவர்கள் நாயைத் துணைக்கும் காவலுக்கும் படகில் ஏற்றுவது அங்கே சாதாரணம். கரையேறிய நாய் உள்ளூர் நாயைக் கடிக்கச் சில நிமிடம் போதும். நோய் வெளித்தெரிய வாரங்கள், மாதங்கள் ஆகும். தெரிந்ததும் அரசு நாய்களைக் கொல்லத் தொடங்கியது. இலட்சக்கணக்கில் கொன்றது. கொல்லப் பயந்தவர்கள் தம் நாயைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடினார்கள், நோயும் கூடவே போனது. இன்றுவரை ஃபுளோரஸ் அதிலிருந்து மீளவில்லை.

2008இல் பாலியின் முறை. உல்லாசப் பயணிகளால் வாழும் தீவு. தென்முனையில் தொடங்கிய நோய் தீவு முழுக்கப் பரவி, அடுத்த சில வருடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரைக் கொன்றது. அங்கேயும் முதலில் நாய்க்கொலைதான். பிறகுதான் தீவளாவிய தடுப்பூசி தொடங்கியது, மரணங்கள் இறங்கின. 2024இல் தீமோர்-லெஸ்தேயில் முதல் மனித மரணம் பதிவானது. அதற்குத் தென்கிழக்கே, சில நாள் பாய்த் தொலைவில், விசர்நோய் இல்லாத அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரம் இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் 2015இல் நடந்த கூத்தும் வேறுவிதமாகத் தெரியும். ஹொலிவுட் நடிகர் ஜொனி டெப், பிஸ்டல், பூ என்ற இரண்டு சின்ன நாய்களைத் தனி விமானத்தில் சொல்லாமல் கொள்ளாமல் அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்துவிட்டார். விவசாய அமைச்சர் பார்னபி ஜொய்ஸ் தவணை வைத்தார்: நாய்களைத் திருப்பி அனுப்புங்கள், இல்லாவிட்டால் அவற்றைக் கொல்ல நேரும். உலகமே சிரித்தது. மறுவருடம் டெப்பின் மனைவி அம்பர் ஹேர்ட் நீதிமன்றத்தில் பொய்த்தாள் கொடுத்த குற்றத்தை ஒப்புக்கொண்டார். இருவரும் காணொளியில் மன்னிப்புக் கேட்டார்கள். அமைச்சர் கோமாளியாகத்தான் நடந்துகொண்டார், சந்தேகமில்லை. ஆனாலும் அவர் பக்கத்தில் ஃபுளோரஸ் இருந்தது.

சட்டம் வீரருக்கும் வளைந்ததில்லை. இரண்டாம் உலகப்போரில் சுமாத்திராவின் யப்பானியச் சிறைமுகாமில் பிரிட்டிஷ் வீரரோடு அடைபட்டிருந்த ஜூடி என்ற நாய், போர்க்கைதியாகவே பதிவுசெய்யப்பட்ட நாய். கப்பல் மூழ்கியும் பிழைத்தது. போர் முடிந்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் அதற்குக் கிடைத்த முதல் வரவேற்பு ஆறு மாதத் தனிமைக்கூடு. 1946இல் விலங்குகளுக்கான டிக்கின் பதக்கமும் வாங்கியது. இன்றுகூட அயர்லாந்து போன்ற அண்டை இடங்களிலிருந்து தவிர வேறெங்கிருந்தும் தனியார் படகில் நாயைப் பிரிட்டனுக்குள் கொண்டுவர முடியாது.

தனிமைப்படுத்தல் நம் ஆட்களுக்கும் தெரிந்த வாசல்தான். மாத்தளைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள். இலங்கைக்கு வர வேண்டிய தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, மருந்தடித்து, உடம்பைச் சோதித்துத்தான் கப்பலேற்றினார்கள். அங்கே நின்றவர்களுக்கு நோய் இருந்ததா இல்லையா என்பதைவிட, எங்கிருந்து வந்தார்கள் என்பதே பெரிதாக இருந்தது. படகுநாய்க்கும் இன்று அதே கணக்குத்தான்.

சுற்றிவரச் சுத்தம், நடுவில் நாம்

இந்து சமுத்திரப் படத்தை விரித்துப் பாருங்கள். மாலைதீவில் விசர்நோய் இல்லை. சீசெல்சில் இல்லை, மொரீசியசில் இல்லை. சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு இல்லை. இலட்சத்தீவும் அந்தமானும் இந்தியாவுக்குள் இருந்தும் இந்த நோய்க்குத் தப்பிய இடங்கள். இவற்றின் நடுவே, எல்லாப் பாய்ப் பாதைகளும் தொட்டுப்போகும் இடத்தில், நோயுள்ள தீவாக இலங்கை இருக்கிறது.

படகுக்காரருக்கு இதனால் என்ன? இலங்கையில் கால் வைத்த நாய் அடுத்த தீவில் சந்தேகத்துக்குரிய நாய். ஐரோப்பா போனால் தடுப்பூசி போட்டு 30 நாளுக்குப் பின் இரத்தம் எடுத்துச் சோதித்து, அதற்குமேல் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் நாய்வழி விசர்நோய் ஆபத்து மிகுந்த நாடுகளின் பட்டியலில் இலங்கையை வைத்திருக்கிறது. 2024 ஓகஸ்டில் அங்கே விதிகள் இன்னும் இறுகின. அவுஸ்திரேலியாவுக்கு நேர்வழியே கிடையாது. அங்கீகரித்த ஒரு நாட்டின் வழியாக, மாதக்கணக்கான ஏற்பாட்டோடுதான் போகலாம். மாலைதீவிலோ நாயைக் கரையிறக்குவதே தடை. மதக்காரணமும் நோய்க்காரணமும் சேர்ந்து போட்ட தடை அது.

ஆகவே கணக்குத் தெரிந்த படகுக்காரர் மூன்றில் ஒன்று செய்கிறார்: இலங்கைக்கு வந்தும் நாயை இறக்காமல் எண்ணெயும் தண்ணீரும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு நாலைந்து நாளில் கிளம்புகிறார். அல்லது நாயை விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டு வருகிறார். மூன்றாவது வழி, இலங்கையைத் தொடாமலே போவது. (பூனைக்காரருக்குச் சிரமம் சற்றுக் குறைவு. 1985இல் பதினெட்டு வயதில் நியூயோர்க்கிலிருந்து தனியே உலகம் சுற்றப் புறப்பட்ட தானியா ஏபி, பூனையோடு இலங்கைக்கும் வந்துபோனவர். பூனை தானாகவே படகைவிட்டு இறங்க விரும்பாத பிராணி என்பதும் ஒரு வசதி.)

ஒரு படகு ஒரு மாதம் தங்கினால் முகவர், முச்சக்கரவண்டிக்காரர், பாய் தைப்பவர், எந்திரம் பழுதுபார்ப்பவர், மரக்கறிக் கடைக்காரர் என்று பலர் கையில் காசு புழங்கும். நாலு நாளில் போனால் எண்ணெய்க் காசு மட்டும்தான். செங்கடல் வழி 2023 இறுதியிலிருந்து ஹூதித் தாக்குதலால் ஆபத்தாகிவிட்டதால், மேற்கே போக நினைத்த படகுகள் இந்து சமுத்திரத்தில் அதிக காலம் தங்க இடம் தேடுகின்றன. திருகோணமலையைவிடப் பாதுகாப்பான குடா அவர்களுக்கு எங்கே கிடைக்கும்?

---
பெட்டிச் செய்தி: நோய், எண்ணிக்கையில்

• உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் விசர்நோயால் இறப்பதாக மதிப்பீடு. மனிதருக்குத் தொற்றுவதில் 99 வீதம் நாய் வழியாக.
• இலங்கையில் 1973இல் 377 பேர் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது.
• அறிகுறி தோன்றியபின் ஏறக்குறைய ஒருவரும் பிழைப்பதில்லை. கடித்த உடனே கழுவி ஊசி போட்டால் ஏறக்குறைய எல்லோரும் பிழைக்கிறார்கள்.
• ஓர் ஊரின் நாய்களில் 70 வீதத்துக்குத் தடுப்பூசி போட்டுத் தக்கவைத்தால் நோய்ச் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.
• 2030க்குள் நாய்வழி மனித மரணம் இல்லாத உலகம் என்பது அந்நிறுவனமும் கூட்டாளிகளும் வைத்த இலக்கு.
---

தியாகோ கார்சியாவின் நாய்கள்

மாலைதீவுக்குத் தெற்கே சாகோஸ் தீவுக்கூட்டம். அனுமதி வாங்கிய பாய்ப்படகுகள் நங்கூரமிடும் இடம். பாய்க்காரர்கள் சொர்க்கம் என்று வர்ணிக்கும் இடம். அந்தச் சொர்க்கத்தில் ஆளில்லை. ஏன் இல்லை என்பதில் நாய்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

அக்கூட்டத்திலுள்ள தியாகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைப்பதற்காக 1971இல் தீவு மக்களைப் பிரிட்டன் வெளியேற்றியது. சீசெல்ஸ் ஆளுநராயிருந்த சேர் புரூஸ் கிரேட்பாட்ச், மக்களுக்கு முன் நாய்களை ஒழிக்க உத்தரவிட்டார். சுட்டுப் பார்த்தார்கள், நஞ்சு வைத்தார்கள். கடைசியில் கொப்பரா காயவைக்கும் கொட்டிலுக்குள் அடைத்து, இராணுவ வண்டிகளின் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். ஏறத்தாழ ஆயிரம் நாய்கள். வளர்த்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்தது தாங்கள்தானோ என்று பயந்ததாகப் பிறகு பலர் சொன்னார்கள். நாயைப் பறித்தபின் அவர்களைக் கப்பலேற்றினார்கள். 2025 மே மாதம் அத்தீவுகளை மொரீசியசுக்குத் திருப்பித்தரும் உடன்படிக்கையில் பிரிட்டன் கையெழுத்திட்டது.

அங்கே விசர்நோய் இருக்கவில்லை. நோய்த்தடுப்புக்கும் அந்தக் கொலைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் தீவுகளில் நாய் என்றாலே அதிகாரத்தின் கை முதலில் துப்பாக்கிக்குப் போகிற வழக்கத்துக்கு இதைவிடக் கறாரான உதாரணம் கிடையாது. இந்த இடத்தில் இலங்கையைப் பாராட்ட வேண்டும். தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசு 2006இல் நிறுத்தியது. விசர்நோய் கூடிவிடும் என்று எச்சரித்தவர்கள் இருந்தார்கள். கூடவில்லை. மரணங்களை இறக்கியது ஊசிதான் என்பது இங்கேயும் பாலியிலும் ஒரே மாதிரித் தெரிந்த விசயம்.

வில்கமுவ நாய்க்குப் போடும் ஊசி

படகுநாயின் கதவு திறப்பது திருகோணமலைச் சுங்கத்தில் இல்லை. இந்தத் தீவில் விசர்நோய் இல்லை என்று உலகத்துக்குக் காட்ட முடிந்தால்தான் அது திறக்கும். கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற நகரத்து நாய்களை எட்டுவது ஒப்பீட்டில் எளிது. மீதிச் சங்கிலி வில்கமுவ போன்ற ஊர்களில் கிடக்கிறது.

இலவச ஊசி நாளில் பள்ளிக்கூட வளவுக்கோ சந்திக்கோ கயிற்றில் கட்டி இழுத்துவரப்படுவது வீட்டுநாய். சேனைக் காவற்குடிலில் பயிரோடு கிடக்கும் நாய் வருவதில்லை. அதை இழுத்துவந்தால் அன்றைக்குப் பன்றியைக் கண்டு குரைக்க ஆளில்லை. காட்டோரத்தில் நரி, கீரி, மரநாய் எல்லாம் உண்டு, அவற்றுக்கும் இந்த நோய் தொற்றும். காட்டுவிலங்கோடு மூக்கோடு மூக்கு நிற்கிற நாய் எதுவோ, அதுதான் ஊசி போடாத நாயாகவும் இருக்கிறது. இழுத்துவர முடியாத குட்டிகள், ஒரு வீட்டுக்கும் சொந்தமில்லாமல் மூன்று வீட்டில் சாப்பிடும் நாய்கள் என்று கணக்கில் வராதவை இன்னும் உண்டு. நாயின் ஆயுள் குறுகியது. இந்த வருடம் எழுபது வீதம் போட்டாலும் பழையவை செத்துப் புதுக்குட்டிகள் பிறந்து அடுத்த வருடத்துக்குள் அளவு சரிந்துவிடும்.

நாய் ஊசிக்கு வர வேண்டும் என்று காத்திருப்பதைவிட ஊசி சேனைக்குப் போவது மலிவு என்று எனக்குப் படுகிறது. பெரும்போகப் பயிர் முற்றி, குடும்பமே காவற்குடிலில் இரவு தங்கும் வாரங்களில் நாயும் அங்கேதான் இருக்கும், அதைப் பிடித்துக்கொடுக்கிற எசமானரும் அங்கேதான் இருப்பார். குளிர்ப்பெட்டியோடு ஒரு மோட்டார் சைக்கிளும் இரண்டு ஆட்களும் போதும். கைக்கு அகப்படாத நாய்களுக்கு இரையில் வைத்துக்கொடுக்கும் வாய்வழித் தடுப்பு மருந்தைத் தாய்லாந்து போன்ற நாடுகள் முயன்று பார்த்திருக்கின்றன. போட்ட ஊசிக்கு அட்டை, அட்டைக்கு ஒரு பதிவேடு, சந்தேகப்படும்படி செத்த நாயின் தலையைப் பனிக்கட்டியில் வைத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்ப ஒரு வண்டிக் கூலி. மொரீசியசோ ஐரோப்பாவோ நாளைக்கு இலங்கையைப் பார்த்துக் கேட்கப்போவது இந்தப் பதிவேட்டைத்தான். அதில் வில்கமுவப் பக்கம் வெறுமையாக இருந்தால், கொட்டியாரக் குடாவில் மிதவை அங்கியோடு நிற்கும் நாய் படகிலேயே நிற்க வேண்டியதுதான்.